வாக்கியத்தைக் கோடு போட்டுக் காட்டுவது: வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. இருவருக்கும் படிப்பு வீட்டில்தான். ஆங்கில இலக்கணத்துக்கு 'சென்டென்ஸ் டயாகிராமிங்' என்கிற முறையைக் கையில் எடுத்து நான்கு வருடம் ஆகிறது. இங்கேயும் கடலூரிலும் என்னைப் போலவே வீட்டில் சொல்லித்தரும் அம்மா அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. என்ன புத்தகம், எந்த வயது, தமிழில் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

வாக்கிய வரைபடம் என்றால் என்ன?

ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதைக் கோடுகளால் காட்டுவது. 'பெரிய பூனை மீனை வேகமாகத் தின்றது' என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையாக ஒரு கோடு. அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு செங்குத்துக் கோடு. இடது பக்கம் எழுவாய் 'பூனை', வலது பக்கம் 'தின்றது'. மீன் செயப்படுபொருள், அதையும் அதே படுக்கைக் கோட்டின் மேல்தான் எழுதுவோம். வினைக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டைக் கோடு போடுவோம், ஆனால் அது படுக்கைக் கோட்டைத் தாண்டாமல் அதன் மேலேயே நின்றுவிடும். 'பெரிய' பூனைக்குக் கீழே சாய்கோட்டில் தொங்கும். 'வேகமாக' வினைக்குக் கீழே தொங்கும்.

சட்டம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள். 'அவர் ஒரு மருத்துவர்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'இஸ்' போட்டு எழுதும்போது, மருத்துவருக்கு முன்னால் வரும் குட்டைக் கோடு எழுவாய்ப் பக்கம் சாய்ந்திருக்கும். மருத்துவர் வேறு, அவர் வேறு இல்லை என்று அந்தச் சாய்வே சொல்லிவிடும். இணைப்புச் சொற்களுக்குப் புள்ளிக்கோடு. துணை வாக்கியம் வந்தால் அதற்குக் கீழே தனியாக ஒரு படுக்கைக் கோடு.

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவில் ஸ்டீபன் கிளார்க் என்பவர் 1847இல் சொற்களைப் பலூன் போன்ற வளையங்களுக்குள் எழுதி ஒட்டிக் காட்டினார். புரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த அலோன்சோ ரீடும் பிரைனர்ட் கெல்லாக்கும் 1877இல் வளையங்களை விட்டுவிட்டுக் கோடுகளுக்கு வந்தார்கள். நாம் இன்று போடுவது அவர்களுடைய கோடுகள்தான். பிரான்சில் லூசியன் தெனியேர் வேறு மாதிரி யோசித்தார். வினைச்சொல்லை உச்சியில் வைத்து, மற்றச் சொற்களை அதிலிருந்து கிளைகளாக இறக்கினார். அவர் இறந்த பிறகு 1959இல்தான் அந்தப் பெரிய புத்தகம் வெளிவந்தது. கல்லூரி மொழியியலில் வரும் சாம்ஸ்கியின் மர வரைபடம் இன்னொரு வகை. பிள்ளைகளுக்கு ரீட்-கெல்லாக் கோடு போதும்.

இதைச் செய்தால் பிள்ளையின் எழுத்து மேம்படுமா?

வெறுமனே வரைந்துகொண்டே இருந்தால் மேம்படாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 1985இல் ஒரு தீர்மானம் போட்டது. பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் பிரித்துத் தனியாகச் செய்யும் இலக்கணப் பயிற்சி, பேச்சையும் எழுத்தையும் வளர்க்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்றது அது. 2007இல் 'ரைட்டிங் நெக்ஸ்ட்' என்ற அறிக்கை 4 முதல் 12ஆம் வகுப்பு வரையான மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தனி இலக்கணப் பாடம் எழுத்துக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் சின்னச் சின்ன வாக்கியங்களைச் சேர்த்து ஒரே வாக்கியமாக்கும் பயிற்சி நன்றாகவே பலன் தந்திருந்தது.

இதைப் படித்த பிறகு டயாகிராமிங்கை விட்டுவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். விடவில்லை, செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாளைக்கு ஒரு வாக்கியத்தைப் பிரித்தால், இன்னொன்றைச் சேர்த்தாக வேண்டும். மகனுக்கு மூன்று வாக்கியம் கொடுத்தேன்: 'மீன்காரம்மா வந்தாள். அவள் சங்கரா கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கினாள்.' கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு எழுதினான்: 'மீன்காரம்மா கொண்டுவந்த சங்கராவை அம்மா வாங்கினாள்.' பிறகு அதையே வரைந்தான். 'கொண்டுவந்த' என்ற சொல் சங்கராவுக்குக் கீழே போய்த் தொங்கியபோது, மூன்று வாக்கியத்தில் ஒன்று எங்கே ஒளிந்துகொண்டது என்பதை அவன் கண்ணால் பார்த்தான். வரைபடம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஆகவே புத்தகம் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதுதான்: பிரிக்க மட்டும் சொல்கிறதா, சேர்க்கவும் சொல்கிறதா?

எந்த வயதில் தொடங்கலாம்?

எட்டு, ஒன்பது வயதில். அதற்கு முன்பு வாயால் 'யார்? என்ன செய்தார்? எதை?' என்று கேட்டாலே போதும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கும் தாமதம் இல்லை, ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளும்.

முதலில் எந்தப் புத்தகத்தை வாங்குவது?

முதல் மூன்று வாரம் எதையும் வாங்காதீர்கள். நான் வாங்கிப் பட்டதால் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பதிப்பு ஒன்றின் முழு செட்டையும் ஒரே மூச்சில் வரவழைத்தேன். பிள்ளையின் புத்தகங்கள் வந்தன, விடைகள் உள்ள ஆசிரியர் கையேடு மட்டும் வரவில்லை. விற்றவரைக் கேட்டுக் கேட்டு மூன்று மாதம் ஓடிவிட்டது. அதுவரை நாங்களாகவே இருபது பாடம் முடித்திருந்தோம். வினைக்குக் கீழே தொங்க வேண்டிய சொற்றொடரையெல்லாம் பக்கத்தில் இருந்த பெயருக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம் என்பது கையேடு வந்த பிறகுதான் தெரிந்தது. அழித்து அழித்துத் தாள் கிழிந்து மகள் அழுதாள். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், ஒரு நல்ல ரப்பர் போதும். பிள்ளையின் வாயிலிருந்து அன்றைக்கு வந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தம்பி என் சைக்கிளை எடுத்துட்டான்' என்று புகார் வரும். நல்ல வாக்கியம்! எழுவாய், செயப்படுபொருள், 'என்' போல இன்னொரு சொல்லை விவரிக்கும் அடை எல்லாம் இருக்கிறது. வரையச் சொல்லுங்கள். வரைந்து முடிப்பதற்குள் சண்டை ஆறிவிடும், எங்கள் வீட்டில் பலமுறை ஆறியிருக்கிறது.

இந்த மூன்று வாரத்தில் உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிடும். கோடு போடுவது அவனுக்குப் பிடிக்கிறதா, அல்லது கையில் எடுத்து நகர்த்திப் பார்த்தால்தான் புரிகிறதா என்பது. புத்தகம் அதைப் பொறுத்தது.

சரி, மூன்று வாரம் முடிந்தது. இப்போது?

எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். எல்லாமே ஆங்கிலத்துக்கானவை.

காசில்லாமல் வேண்டும் என்றால் மூலத்துக்கே போகலாம். ரீடும் கெல்லாக்கும் எழுதிய 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்', அதற்கு முந்தைய படியான 'கிரேடட் லெசன்ஸ்' இரண்டுக்கும் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசம். விளக்கம் தெளிவாக இருக்கும். ஆனால் எடுத்துக்காட்டுகள் 150 வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம். பிள்ளை கையில் கொடுக்க அல்ல, நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள இதைவிட நல்லது இல்லை. புத்தகத்தின் வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதே அமைப்பில் உங்கள் தெருவிலிருந்து ஒரு வாக்கியம் போட்டுக் கொடுங்கள்.

இலக்கணமே தெரியாத பெற்றோருக்கு 'ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் லெசன்ஸ்' ஏற்றது. நீங்கள் என்ன சொல்ல வேண்டும், பிள்ளை என்ன பதில் சொல்லும் என்று வசனம் மாதிரியே எழுதியிருப்பார்கள். நான்கு நிலைகள் உண்டு. வரைபடம் மூன்றாம் நிலையில்தான் தொடங்குகிறது. வரைபடத்துக்காக முதல் நிலையை வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், கவனம். திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பாணி சில பிள்ளைகளுக்குச் சலிப்புத் தரும். என் மகளுக்குத் தந்தது, மகனுக்குத் தரவில்லை.

அதே பதிப்பகத்தின் 'கிராமர் ஃபார் த வெல்-ட்ரெயின்டு மைண்ட்' பத்து, பதினொரு வயதுக்கு மேல். நான்கு வருடம் ஓடும் பெரிய திட்டம். விடைப் புத்தகத்தில் காரணமும் விளக்கியிருப்பது இதன் பலம். இப்போது மகள் படிப்பது இதுதான்.

'ராட் அண்ட் ஸ்டாஃப்' ஆங்கில வரிசை ஒழுங்காகப் படிப்படியாக ஏறும், பயிற்சிகள் ஏராளம். அதை வெளியிடுவது மெனோனைட் கிறிஸ்தவர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பைபிளும் பண்ணை வாழ்க்கையும் நிறைய இருக்கும். சிலர் அதற்காகவே வாங்குவார்கள், சிலர் அதனாலேயே வேண்டாம் என்பார்கள். வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

பென்சில் பிடிக்கவே அழும் பிள்ளைக்கு 'வின்ஸ்டன் கிராமர்'. அதில் கோடு கிடையாது, வண்ண அட்டைகளைச் சொற்களுக்கு நேராக அடுக்க வேண்டும். இதை நான் வாங்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தோழி வீட்டில் அவருடைய மகன் அடுக்கியதைப் பார்த்துவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நாங்களே அட்டை செய்துகொண்டோம். எழுவாய்க்கு மஞ்சள், வினைக்குச் சிவப்பு. இரண்டு மாதம் கழித்து மகன் தானாகவே அட்டைகளுக்கு நடுவில் கோடு போட ஆரம்பித்தான்.

எதை வாங்கினாலும் விடைப் புத்தகம் கூடவே வருகிறதா என்று பாருங்கள். அதில் வெறும் படம் மட்டும் இருக்கிறதா, ஏன் அப்படி என்ற காரணமும் இருக்கிறதா என்று மாதிரிப் பக்கத்தில் சரிபாருங்கள். முழு செட் வேண்டாம், ஒரு நிலை போதும்.

வீட்டில் ரென் அண்ட் மார்ட்டின் இருக்கிறது. அது போதாதா?

இரண்டு தலைமுறையாக நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் புத்தகம். அதில் வாக்கியப் பகுப்பு உண்டு, ஆனால் கோட்டில் அல்ல, கட்டத்தில். எழுவாய், அதன் அடை, வினை, செயப்படுபொருள், வினையடை என்று பத்தி பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். நாம் பள்ளியில் செய்தது இதைத்தான்.

கட்டத்துக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் உண்டு. கட்டத்தில் 'எழுவாயின் அடை' என்ற பெட்டிக்குள் நான்கு சொற்களை மொத்தமாகப் போட்டுவிடலாம். அந்த நான்கில் எது எதைத் தாங்குகிறது என்று யோசிக்காமலே தப்பித்துவிடலாம். கோட்டில் தப்பிக்க முடியாது, ஒவ்வொரு சொல்லையும் ஏதாவது ஒன்றில் கட்டித் தொங்கவிட்டே ஆக வேண்டும். என் யோசனை: ரென் அண்ட் மார்ட்டினைப் பயிற்சி வாக்கியங்களுக்கான களஞ்சியமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் விடைப் புத்தகமும் தனியாகக் கிடைக்கிறது. கட்டத்தில் விடையைச் சரிபார்த்து, படத்தைக் கோட்டில் போடுங்கள். கூடுதல் செலவே இல்லாத வழி இதுதான்.

தமிழ் வாக்கியத்தை இப்படி வரையலாமா?

வரையலாம் என்பது மட்டுமல்ல, தமிழில்தான் தொடங்க வேண்டும் என்பேன். இந்தப் பக்கத்தை எழுதவே உட்கார்ந்தது இதற்காகத்தான்.

தமிழுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோட்டு முறை ஒன்று பாடப்புத்தகங்களில் இல்லை. எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். படுக்கைக் கோட்டில் தமிழ் வரிசையையே வைத்துக்கொள்கிறோம்: எழுவாய், வெட்டுக்கோடு, செயப்படுபொருள், குட்டைக் கோடு, கடைசியில் பயனிலை. 'நேற்று வாங்கிய மீனைப் பூனை தின்றது' என்றால் மேலே 'பூனை, மீனை, தின்றது'. மீனுக்குக் கீழே 'வாங்கிய'. அந்தச் சாய்கோட்டிலிருந்து இன்னொரு குட்டிக் கோட்டில் 'நேற்று'. பெயரெச்சம் என்று பெயர் சொல்லித் தருவதற்கு முன்பே அது பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பிள்ளை பார்த்துவிடுகிறது. 'மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்தாள்' என்று வினையெச்சங்கள் வரிசையாக வந்தால் படிக்கட்டு மாதிரி இறக்கி, 'வைத்தாள்' என்பதில் கொண்டுபோய்க் கட்டுவோம்.

வேற்றுமை உருபுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆங்கிலத்தில் 'டு', 'ஃப்ரம்', 'வித்' போன்ற முன்னிடைச் சொல்லைச் சாய்கோட்டிலும், அதைத் தொடரும் பெயரைப் படுக்கைக் கோட்டிலும் எழுதுவார்கள். 'கடலூருக்குப் போனோம்' என்பதில் 'கு' என்ற உருபைப் பிரித்துச் சாய்கோட்டில் போட்டு, 'கடலூர்' என்பதைப் படுக்கையில் எழுதுங்கள். தமிழில் பெயரின் வாலாக இருப்பதும் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நடப்பதும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று இரண்டு படமும் அடுத்தடுத்து இருக்கும்போது விளக்காமலே புரியும். அதே வாக்கியத்தில் எழுவாய் எங்கே? 'போனோம்' என்பதற்குள் இருக்கிறது. தோன்றா எழுவாய். இடது பக்கம் அடைப்புக்குறிக்குள் 'நாங்கள்' என்று எழுதுவோம். 'கோ!' என்ற ஆங்கிலக் கட்டளைக்கு 'யூ' என்று அடைப்புக்குறியில் எழுதச் சொல்லும் அதே விதி.

இது நமக்குப் புதிதும் அல்ல. நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. செய்யுளில் சொற்கள் கிடக்கும் வரிசை ஒன்று, பொருள் கொள்ள வேண்டிய வரிசை ஒன்று. 'சுரையாழ அம்மி மிதப்ப' என்று மொழிமாற்றுக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டே, அதை மகனிடம் சொன்னேன். சுரைக்காய் மூழ்குமாம், அம்மி மிதக்குமாம்! "தப்பா எழுதிட்டாங்களாம்மா?" என்றான். வினைகளை இடம் மாற்றிக் கோடு போட்டதும் சுரை மிதந்தது, அம்மி ஆழ்ந்தது. உரையாசிரியர்கள் கோடில்லாமல் மனத்துக்குள் செய்த வேலை இது.

மகள் போன வருடம் திருக்குறளுக்குப் போய்விட்டாள். 'ஆதி பகவன் முதற்றே உலகு' என்பதில் எழுவாயைத் தேடி முதல் சொல்லிலேயே நின்றுகொண்டிருந்தாள். உலகு என்ற கடைசிச் சொல்லைத் தூக்கி இடது பக்கம் வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பாடத்துக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூல்களின் இலக்கணப் பகுதிகள் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. நன்னூல் முதலான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கின்றன.

தமிழில் வரைந்தால் ஆங்கிலம் குழம்பாதா?

எங்கே குழப்பம் வருமோ அங்கேதான் வரைபடம் உதவுகிறது. இரண்டு இடம் சொல்கிறேன்.

'அவர் டாக்டர்' என்பது தமிழில் முழு வாக்கியம். பெயரே பயனிலையாகிவிடும். அதையே ஆங்கிலத்தில் 'ஹீ டாக்டர்' என்று எழுதும் பிள்ளைகள் எத்தனை! ஆங்கிலப் படத்தில் வெட்டுக்கோட்டுக்கு அடுத்து வினைக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அது காலியாக இருப்பது கண்ணில் படும். 'இஸ்' போடு என்று நூறு முறை சொல்வதைவிட அந்தக் காலி இடம் நன்றாகச் சொல்லித்தரும். 'எ' விட்டுப்போவதும் அப்படியே தெரியும், டாக்டருக்குக் கீழே எதுவும் தொங்காது.

இன்னொன்று 'எனக்குப் பசிக்கிறது'. ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும், மகன் கேட்டான்: "அம்மா, இதுல யாரு பசிக்குது?"

"நீதான்டா."

"நான்னா 'பசிக்கிறேன்'னுல்ல வரணும்? 'பசிக்கிறது'ன்னு வருது. அப்போ வயிறுதான் எழுவாயா?"

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் கேட்டது சரி. 'எனக்கு' நான்காம் வேற்றுமை. வினையோ அஃறிணை ஒருமையில் நிற்கிறது. எனக்கு என்பதை எழுவாய் இடத்தில் வைக்க முடியாது. இடது பக்கத்தைக் காலியாக விட்டு, 'எனக்கு' என்பதை வினைக்குக் கீழே தொங்கவிட்டோம். பக்கத்தில் ஆங்கிலம்: அங்கே 'ஐ' எழுவாயாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே எட்டு வாக்கியம் எழுதினான். எட்டிலும் தமிழில் தொங்கும் ஆள் ஆங்கிலத்தில் மேலே ஏறிவிடுகிறான். இதை எந்த ஆங்கிலப் புத்தகமும் நம் பிள்ளைக்குச் சொல்லித்தராது. அதனால்தான் வாங்கிய புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன்.

எங்கள் பெண் பிரெஞ்சும் படிக்கிறாள். அதற்கு உதவுமா?

நன்றாக உதவும். என் மாமனார் 1954க்கு முன்பு இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். சொல்லுக்குச் சொல் பால், எண், வாக்கியத்தில் அதன் வேலை என்று எழுதிக் காட்ட வேண்டுமாம். இன்றும் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் விரலை மடக்கிப் பிரித்துவிடுவார். பிரெஞ்சில் 'நான் எழுதிய கடிதங்கள்' என்னும்போது, செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிடுவதால், 'எழுதிய' என்பதற்கான வினை வடிவமும் கடிதங்களுக்கு ஏற்பப் பெண்பால் பன்மையாக வேண்டும். செயப்படுபொருளைக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளை அங்கே தடுமாறும். கோட்டில் பழகிய பிள்ளைக்கு அது கண்ணிலேயே நிற்கும்.

எனக்கே இலக்கணம் சரியாகத் தெரியாது. நான் எப்படிச் சொல்லித்தருவது?

பிள்ளைக்கு ஒரு வாரம் முன்னால் நீங்கள் இருந்தால் போதும். தினமும் இரவு மறுநாள் பாடத்தை நீங்களே வரைந்து பாருங்கள். தெரியாததைப் பிள்ளையிடம் 'தெரியலை, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்வதில் தவறே இல்லை. வினையைக் கண்டுபிடித்துவிட்டு, அதையே கேள்வியாக்கினால் பாதி வேலை முடிந்தது: தின்றது எது? எதைத் தின்றது? எப்படித் தின்றது? எப்போதும் வினையிலிருந்து தொடங்குங்கள். தமிழில் அது பெரும்பாலும் கடைசியில் காத்துக்கொண்டிருக்கும்.

ஒரே வாக்கியத்துக்கு நானும் பிள்ளையும் வேறு வேறு படம் போட்டால்?

அன்றைக்கு நல்ல பாடம் நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து மகள் எழுதினாள்: 'பழைய புத்தகக் கடைக்குப் போனோம்.' நான் 'பழைய' என்பதைப் புத்தகத்துக்குக் கீழே தொங்கவிட்டேன், அவள் கடைக்குக் கீழே தொங்கவிட்டாள். கடை பழையதா, புத்தகம் பழையதா? இரண்டும் தமிழில் சரி. எழுதியவள் அவள், அவள் நினைத்தது கடையை. அப்படியானால் படிப்பவருக்குப் புரிகிற மாதிரி வாக்கியத்தை எப்படி மாற்றுவது என்று அரை மணி நேரம் பேசினோம்.

இன்னொன்று: 'அம்மா அழுதுகொண்டே ஓடிய பையனைப் பிடித்தாள்.' அழுதது யார்? 'அழுதுகொண்டே' என்பதை 'ஓடிய'வில் கட்டினால் பையன், 'பிடித்தாள்' என்பதில் கட்டினால் அம்மா. ஒரு காற்புள்ளி எங்கே வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குக் கிடைத்ததில்லை. விடைப் புத்தகத்தில் இருப்பதிலிருந்து பிள்ளையின் படம் மாறினால் உடனே தப்பு போடாதீர்கள். 'நீ போட்டபடி பார்த்தால் என்ன பொருள் வருகிறது?' என்று கேளுங்கள்.

செயலிகள், செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் நம்பலாமா?

விடைப் புத்தகமாக நம்ப வேண்டாம். சொல்லின் வகையைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டு, கோட்டை வேறு இடத்தில் கட்டிவிடுகின்றன. தமிழ் என்றால் இன்னும் தடுமாற்றம் அதிகம். கணினிக்குச் சொல்லித்தருவதற்காகத் தமிழ் வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் இணைத்துக் குறித்த தொகுப்பு ஒன்று பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது, அதில் இருப்பவை 600 வாக்கியங்கள். ஆர்வம் இருக்கும் பெரிய பிள்ளைகள் அதைத் தேடிப் பார்க்கலாம். சின்னவர்களுக்குப் பென்சில்தான்.

பரீட்சைக்கு வருமா?

வராது. திறந்தநிலைப் பள்ளித் தேர்விலோ சிபிஎஸ்இயிலோ கேம்பிரிட்ஜ் தேர்விலோ யாரும் படம் போடச் சொல்வதில்லை. நீளமான வாசிப்புப் பகுதியில் ஒரு வாக்கியம் புரியாமல் நின்றால் அங்கே கைகொடுக்கும். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால்?

பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். நோட்டு அலுத்துவிட்டால் மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக வரையச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் ஒரு வாக்கியம் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கித் துணிக்கொடி வரை போயிருக்கிறது. அடுத்த மழை வரும்வரை அது அங்கேயே இருந்தது. இரண்டு மாதம் இப்படியெல்லாம் செய்தும் கண்ணீர்தான் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். வாக்கியங்களைச் சேர்க்கும் பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

புத்தகங்களை இங்கே எங்கே தேடுவது?

ரீட்-கெல்லாக் இணையத்தில். ரென் அண்ட் மார்ட்டின் பெரும்பாலான பாடப்புத்தகக் கடைகளில் கிடைக்கும், ஞாயிறு சந்தையில் பழைய பிரதியும் மாட்டலாம். 1827இலிருந்து இருக்கும் ரொமேன் ரோலண்ட் நூலகத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரைவதற்கு வாக்கியம் வேண்டுமே, அங்கே தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களை முடிந்தவரை இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்குங்கள். பிள்ளை புத்தகத்திலேயே எழுதாமல் தனி நோட்டில் வரைந்தால் அடுத்த வருடம் அடுத்த வீட்டுக்குப் போகும்.

எப்போது நிறுத்துவது?

மகள் இப்போது தினமும் வரைவதில்லை. போன வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். நாலு வரிக்கு நீண்ட ஒரு வாக்கியத்தில் சிக்கிக்கொண்டு, நோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு படுக்கைக் கோடு போட்டாள், அதை வெட்டி ஒரு கோடு. இடது பக்கம் என்ன எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அதை இரண்டாகப் பிரித்து எழுதினாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இனி வாரம் மூன்று நாள் பாடம் தேவையில்லை.